தீர்ந்த கடனும் திரும்பாத சீட்டும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு 'இளைஞரும் சட்ட அறிவும்' என்பதாகும். அது பெருங்கடல். அரைமணி நேரத்தில் கடலைக் கடக்க என்னால் இயலாது. ஆகவே, சமயநல்லூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நம் வீட்டு வாசற்படியில் நாள்தோறும் நிகழும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். கொடுத்துத் தீர்த்த கடனை மீண்டும் கேட்டு வருபவனை எதிர்கொள்வது எப்படி என்பதே அது. கல்விச் சங்கத்தின் விழாவில் கடனைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். வாங்கிய கடனை அடைப்பதற்குப் பணம் வேண்டும். அடைத்த கடனை அடைத்ததாக நிலைநாட்டுவதற்கு எழுத்து வேண்டும். எழுத்து என்று வந்துவிட்ட பிறகு அது இச்சங்கத்தின் வேலைதான்.

ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அவர் பரவைச் சந்தையில் காய்கறி எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். தண்டலுக்குப் பத்தாயிரம் ரூபாய் கேட்டார். கையில் கிடைத்தது எட்டாயிரத்து ஐந்நூறு. நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்டவேண்டும் என்பது பேச்சு. மழை பெய்தாலும், கூடை விற்காமல் திரும்பினாலும் அந்த நூறு ரூபாயை எடுத்து வைத்துவிட்டுத்தான் அவர் அடுப்பைப் பற்றவைத்தார். நூறாவது நாளும் கட்டி முடித்தார். வசூல்காரர் தம் சிறிய நோட்டில் ஏதோ ஒரு கோடு இழுத்துக்கொண்டார். "முடிஞ்சதா தம்பி?" என்று அந்தத் தாய் கேட்டார். "முடிஞ்சது அக்கா" என்று அவரும் சொல்லிவிட்டுப் போனார். நான்கு மாதம் கழிந்தது. வேறொருவர் வந்து வாசலில் வண்டியை நிறுத்துகிறார். "பன்னிரண்டு தவணை பாக்கி நிக்குதே, எப்பக் கொடுக்கப் போறீங்க?" என்று தெரு முழுவதும் கேட்கும்படி கேட்கிறார்.

அந்தத் தாய் என்ன சொல்கிறார்? "நான் கட்டிட்டேன், சாமி சத்தியமா கட்டிட்டேன்" என்கிறார். கற்பூரம் அடிக்கவும் தயார் என்கிறார். அண்டை வீட்டாரைச் சாட்சிக்கு அழைக்கிறார். குரல் உடைகிறது. கடைசியில், தெருவின் பார்வையைத் தாங்க முடியாமல், முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஐந்நூறு ரூபாயை எடுத்துக் கொடுத்து அன்றைக்கு அவரை அனுப்பிவைக்கிறார். அந்த ஐந்நூறு ரூபாய் செய்யும் கேட்டைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

அந்தத் தாயிடம் உண்மை இருந்தது. எதிரே நின்றவரிடம் ஒரு நோட்டு இருந்தது. நம் மக்களின் கடன் வரலாறு முழுவதும் இந்த இரண்டிற்கும் இடையே நடந்ததுதான்.

வரலாற்றிலிருந்து ஒன்றிரண்டு செய்திகளை நினைவூட்ட விரும்புகிறேன். சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் அமைச்சரவை இருந்தபோது, 1938-ஆம் ஆண்டில், விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 1932 அக்டோபர் 1-ஆம் தேதிக்கு முன் வாங்கிய கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டிப் பாக்கியை அச்சட்டம் தள்ளுபடி செய்தது. அதைவிட முக்கியமானது அதன் இன்னொரு விதி. அத்தகைய பழைய கடனில் அசலாகவோ வட்டியாகவோ, அசலைப்போல் இருமடங்கு தொகையை ஒருவர் கட்டியிருந்தால், அக்கடன் முற்றிலும் தீர்ந்ததாகவே கருதப்படும் என்று அது கூறிற்று. கட்டியது போதும் என்று சட்டமே கணக்கை மூடிய அரிய தருணம் அது. ஆனால் 'விவசாயி' என்ற சொல்லுக்கு அச்சட்டம் தந்த பொருள் யாது? விளைநிலத்தில் விற்கத்தக்க உரிமையோ, குத்தகை உரிமையோ உடையவரே விவசாயி. சேற்றில் இறங்கி உழுதவரும் நட்டவரும் அறுத்தவரும், நிலத்தில் பங்கு இல்லாத காரணத்தால், அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றனர். அவர்களுள் மிகப் பலர் யார் என்பதை இச்சபையில் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நிலமுடையவர் வட்டியிலிருந்து விடுபட்டார். அவர் நிலத்தில் உழைத்தவர் தம் கடனோடு அங்கேயே நின்றார்.

பண்ணைக் கடனுக்கும் செங்கல் சூளை முன்பணத்திற்கும் ஒரு முடிவு வருவதற்கு 1975 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 24-ஆம் தேதி கொத்தடிமை முறை ஒழிப்பு அவசரச் சட்டம் பிறந்தது. 1976-ல் அது நாடாளுமன்றத்தின் சட்டமாயிற்று. அச்சட்டத்தின்படி கொத்தடிமைக் கடன் எதுவாயினும் அழிந்துபோயிற்று. அழிந்துபோன அந்தக் கடனுக்காக ஒரு ரூபாய் வாங்கினாலும் வாங்கியவருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. 'இது கொத்தடிமைக் கடன்' என்று தொழிலாளி சொன்னால், அப்படி அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவர் தலையில் விழும். இதை நன்கு மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஏனெனில், இப்போது நான் சொல்லப்போகும் புரோநோட்டுச் சட்டத்தில் நிலைமை இதற்கு நேர்மாறானது.

புரோநோட்டு என்னும் கடனுறுதிச் சீட்டை ஆளும் சட்டம் 1881-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட மாற்றுமுறை ஆவணச் சட்டமாகும். இன்றளவும் அதுவே நடைமுறையில் உள்ளது. சீட்டில் உள்ள கையெழுத்து உம்முடையது என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அந்தச் சீட்டிற்குப் பணம் கைமாறியது என்றே நீதிமன்றம் தொடக்கத்தில் அனுமானிக்கும் என்பது 118-ஆம் பிரிவு. இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவர் நீர்தான். இருபதாம் பிரிவு இதனினும் கொடியது. வில்லை ஒட்டிய வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அந்த வில்லைக்கு ஏற்ற தொகையை எழுதி நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்ததாகப் பொருள். "சும்மா ஒரு கையெழுத்துதானே, நம்பிக்கைக்குத்தான்" என்று கேட்பவர்கள் சட்டம் படித்தவர்களாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் இந்தப் பிரிவின் பலனை நன்றாகவே அறிந்தவர்கள்.

அதே சட்டத்தில் நமக்கு ஆதரவான பிரிவு ஒன்றும் இருக்கிறது. நீதிமன்றத் தாழ்வாரங்களில் பல காலம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அதைக் கேட்டறிந்து பயன்படுத்திய நம்மவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அது 81-ஆம் பிரிவு. பணம் கொடுப்பதற்கு முன் சீட்டைக் காட்டும்படி கேட்கவும், முழுப்பணமும் கொடுத்தவுடன் அந்தச் சீட்டைத் திரும்பப் பெறவும் கடன் வாங்கியவருக்கு உரிமை உண்டு. சீட்டுத் தொலைந்துபோயிற்று என்று கடன் கொடுத்தவர் சொன்னால், பின்னால் அந்தச் சீட்டை வைத்து எவரேனும் கேட்டு வந்தால் அதற்குத் தாமே பொறுப்பு என்று அவர் ஈடு தரவேண்டும். "வீட்டில் எங்கேயோ இருக்கிறது, தேடி வைக்கிறேன், உன்னை நான் ஏமாற்றுவேனா?" என்ற பேச்சிற்குச் சட்டத்தில் இடமே இல்லை. தீர்ந்த சீட்டு பெட்டியில் கிடக்கலாம். கொடுத்தவர் இறந்தபின் மகன் கைக்குப் போகலாம். 'மேடோவர்' எழுதப்பட்டு முன்பின் அறியாத ஒருவரிடம் சேரலாம். சீட்டுக்கு நினைவாற்றல் இல்லை. பணம் கொடுத்தது அதற்குத் தெரியாது.

ஆகவே கடைசித் தவணையைக் கையில் எடுத்துக்கொண்டு போகும்போது சீட்டும் பணமும் ஒரே நேரத்தில் கைமாற வேண்டும். சீட்டின் பின்புறத்தில் 'அசலும் வட்டியும் முழுவதும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதித் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். வாங்கியவுடன் நம்மவர்கள் செய்வது என்ன தெரியுமா? விட்டது சனி என்று அங்கேயே கிழித்து அடுப்பில் போட்டுவிடுகிறார்கள். அந்த மகிழ்ச்சி எனக்கு விளங்குகிறது. என்றாலும், கிழிக்க வேண்டாம். தீர்த்து எழுதப்பட்ட சீட்டைப்போல் வலுவான சான்று வேறில்லை. பெட்டியில் கிடக்கட்டும்.

தண்டல் போன்ற கைக்கடனில் சீட்டே இராது. வசூல்காரரின் நோட்டு மட்டுமே இருக்கும். அங்கே ரசீது கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகையைப் பெறுபவர், கொடுப்பவர் கேட்டால், வில்லை ஒட்டிய ரசீது தரக் கடமைப்பட்டவர் என்று முத்திரைத்தாள் சட்டமே சொல்கிறது. அதற்குக் குறைந்த தொகையானால், நம் வீட்டிலேயே ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டு, ஒவ்வொரு தவணைக்கும் அவரைக்கொண்டே எழுதிக் கையெழுத்திடச் செய்யலாம். அவர் மறுத்தால் கையில் கொடுப்பதை நிறுத்திவிட்டு வங்கிக் கணக்கு வழியாகவோ கைப்பேசி வழியாகவோ செலுத்துங்கள். வங்கிப் புத்தகம் பொய் சொல்லாது.

இப்போது அந்த ஐந்நூறு ரூபாய்க்கு வருகிறேன். கேட்டவுடன் கொடுக்கவேண்டிய புரோநோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து மூன்றாண்டே காலவரம்பு. அதற்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமை காலாவதியாகும். ஆனால் அந்த மூன்றாண்டு முடிவதற்குள் ஒரு சிறு தொகையைக் கொடுத்து, சீட்டின் பின்பக்கம் வரவு என்று எழுதிக் கையெழுத்தும் இட்டுவிட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்றாண்டு ஓடத் தொடங்கும். 'பாக்கி இருக்கிறது, விரைவில் தருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டாலும் அப்படியே. தீர்ந்த கடனுக்கு ஆளை அனுப்பிவைப்பதற்காக ஏதோ கொஞ்சம் கொடுப்பவர், 'கடன் தீரவில்லை' என்ற சாட்சியத்தைத் தம் கையாலேயே எழுதித் தருகிறார். ஆகவே அந்தத் தாய்க்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பாக்கி இல்லையென்றால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். எதிலும் கைநாட்டு வைக்காதீர்கள். சத்தியம் செய்யவும் வேண்டாம். "என்ன கணக்கு, எந்தத் தேதி, எந்தத் தவணை? எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். சத்தியம் செய்தவரை வசூல்காரர் பலமுறை பார்த்திருப்பார். கணக்குக் கேட்டவரை அவர் அதிகம் பார்த்திருக்க மாட்டார்.

வழக்கு நீதிமன்றத்திற்குப் போய்விட்டால் நம்மவர் செய்யும் பெரும்பிழை, சம்மன் வந்தும் போகாமல் இருப்பது. "நான்தான் கட்டிவிட்டேனே, நான் எதற்குக் கோர்ட்டு வாசல் ஏறவேண்டும்?" என்று கேட்கிறார்கள். போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி என்னும் ஒருதலைத் தீர்ப்பு வந்துவிடும். அதை நீக்கக் கோரி முப்பது நாளுக்குள் மனுப் போடவேண்டும். சம்மனே முறையாகச் சேரவில்லையென்றால் தீர்ப்பைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து முப்பது நாள். இன்னொரு கண்ணியும் உண்டு. தீர்ப்பாகிவிட்ட தொகையை நீதிமன்றத்திற்கு வெளியே கடன் கொடுத்தவர் கையில் நேராகக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 21-ஆம் கட்டளை, இரண்டாம் விதி என்ன சொல்கிறது? அப்படிக் கொடுத்த பணம் நீதிமன்றப் பதிவில் ஏறவேண்டும். ஏறாத பணத்தை, ஜப்தி மனுவை விசாரிக்கும் நீதிமன்றம் கண்ணெடுத்தும் பாராது. கடன் கொடுத்தவர் தாமாக வந்து பதிவு செய்யாவிட்டால், கொடுத்தவரே முப்பது நாளுக்குள் எழுத்துச் சான்றுடன் மனுச் செய்யவேண்டும். கொடுத்த பணம் கொடுக்காத பணமாக மாறும் விந்தையை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் காண முடியாது.

"பானை சட்டியைத் தூக்கிப் போய்விடுவேன், தாலியைக் கழற்றிக் கொடு" என்று வாசலில் நின்று மிரட்டுகிறார்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீதிமன்ற ஆணையுடன் வரும் அமீனாவே எடுக்க முடியாத பொருள்கள் உண்டு. அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவு அவற்றைப் பட்டியலிடுகிறது. உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி பெண் கழற்றலாகாத அணி, கைத்தொழிலாளியின் கருவிகள், உழவுக் கருவிகள், தொழிலாளி குடியிருக்கும் சொந்த வீடு ஆகியவை ஜப்திக்கு உட்படா. கூலியாளின் கூலியும் அப்படியே. பணத் தீர்ப்பிற்காகப் பெண்ணைக் கைது செய்யவும் கூடாது என்பது 56-ஆம் பிரிவு. கொடுக்க வழியில்லாத நேர்மையான ஏழையை அவன் ஏழ்மைக்காகவே சிறையில் தள்ளலாகாது என்று 1980-ல் உச்சநீதிமன்றத்தில் நீதியரசர் கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். அமீனாவுக்கே இல்லாத அதிகாரம் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு எங்கிருந்து வந்தது என்று இளைஞர்கள் கேட்கவேண்டும்.

2003-ல் தமிழ்நாடு அரசு இயற்றிய கந்துவட்டித் தடைச் சட்டம் தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. மூன்றாண்டு வரை சிறையும் முப்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. கடன் கொடுத்தவர் பணத்தை வாங்க மறுத்து வட்டியை வளர்த்தால், தொகையை நீதிமன்றத்தில் கட்டிக் கணக்கை முடிக்கவும் அச்சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆயினும் சட்டம் ஏட்டில் இருப்பது வேறு, மனுவைக் கையில் வாங்கியவர் அதைப் படிப்பது வேறு. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர்க்கும் நாளன்று, கூலித்தொழிலாளி ஒருவர் தம் மனைவியோடும் இரண்டு சிறு பெண் குழந்தைகளோடும் அங்கேயே தீக்குளித்தார். வாங்கியது 1,45,000 ரூபாய், கட்டியது 2,34,000 ரூபாய், அதன்பிறகும் கேட்கிறார்கள் என்பது அவர்களது முறையீடு. அதே வாசலில் பலமுறை மனுக் கொடுத்தும் பயன் விளையவில்லை என்றார்கள். நால்வரும் மாண்டனர். அந்தப் படத்தை நாளேடுகளில் பார்த்த எவரும் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் கட்டவில்லை என்று இறக்கவில்லை. கட்டிய பிறகு இறந்தார்கள்.

அதற்குப் பின் 2025-ல், கடன் வழங்கும் நிறுவனங்களின் கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு மீண்டும் ஒரு சட்டம் இயற்றியது. இத்தனை சட்டத்திற்குப் பிறகும் மனு எழுதத் தெரிந்தவரும், மனுவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு மறுவாரம் போய்க் கேட்பவரும் தேவைப்படுகிறார்கள்.

நம் தாய்மார்களிடம் இன்று பெரும்பாலும் இருப்பது மகளிர் குழுவின் நுண்கடன். இதில் கந்துவட்டிக்காரரின் இடத்தில் சட்டை மடிப்புக் கலையாத ஓர் இளைஞர் வருகிறார். சில வேளை அவர் நம் பக்கத்து ஊர்ப் பிள்ளையாகவே இருப்பார். அவருக்கும் மேலதிகாரி உண்டு, இலக்கு உண்டு. அவர்மேல் கோபம் கொள்வதைவிட அவருக்குரிய விதியை அறிந்திருப்பது நலம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் நெறிகள்படி, நுண்கடன் வாங்கிய ஒவ்வொருவருக்கும் கடன் அட்டை தரவேண்டும். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும், கடைசியில் கடன் முழுவதும் தீர்ந்ததற்கும், அந்த அட்டையிலேயே ஒப்புகை இடவேண்டும். தவணை கேட்பது இருதரப்பும் ஒத்துக்கொண்ட ஓர் இடத்தில்தான். தொடர்ந்து இரண்டு முறை அங்கு வராதபோதுதான் வீட்டிற்கோ வேலைத் தலத்திற்கோ வரலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூடாது. வசைச்சொல் கூடாது, உறவினரையும் உடன் வேலை செய்வோரையும் தொல்லைப்படுத்தக் கூடாது, பெயரை ஊரறிய வெளியிடவும் கூடாது. இது ஈடு இல்லாத கடன். ஆகவே ரேஷன் கார்டையோ வங்கி அட்டையையோ வாங்கி வைத்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை. இத்தனையும் பாக்கி உள்ள கடனுக்கே பொருந்துமானால், பாக்கியே இல்லாத கடனுக்குக் கேட்க வேண்டுமா?

வங்கிக் கடனுக்கும் இதுபோன்ற நெறிகள் உண்டு. வசூலுக்கு வரும் முகவர் அடையாள அட்டையும் வங்கியின் அதிகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும் என்பது 2008 முதல் உள்ள ஏற்பாடு. கடன்தாரர் எழுத்தில் ஒரு குறையைத் தெரிவித்திருந்தால், அதற்கு முடிவு சொல்லும்வரை அந்தக் கணக்கை முகவரிடம் ஒப்படைக்கலாகாது என்றும் அப்போதே சொல்லப்பட்டது. வாயால் நூறு முறை சொன்னதைவிட எழுத்தில் ஒருமுறை சொன்னதற்கு மதிப்பு ஏன் என்பது இப்போது விளங்கும். கடன் தீர்ந்து முப்பது நாளுக்குள் அடமானப் பத்திரத்தைத் திருப்பித் தராவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் ஈடு தரவேண்டும் என்று 2023-ல் ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. தீர்ந்த கடன் தீராததாகவே கடன் தகவல் நிறுவனத்தின் பதிவில் நின்றால், படித்து வேலைக்குப் போகும் மகனுக்கு நாளை வங்கியில் கடன் கிடைக்காது. புகார் கொடுத்த முப்பது நாளுக்குள் அதைத் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு என்பதும் அவ்வாண்டு வந்த கட்டளையே. ஆண்டுக்கு ஒருமுறை அந்த அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம். பட்டதாரித் தம்பிகள் தம் பெற்றோரின் அறிக்கையை எடுத்துப் பார்த்தல் நலம்.

கடிதத்தை எப்படி எழுதுவது? இதோ, நான் எழுதும் முறை:

'ஐயா, தங்களிடம் இன்ன தேதியில் பெற்ற இவ்வளவு ரூபாய்க் கடனை இன்ன தேதியில் முழுவதும் செலுத்திவிட்டேன். ரசீதின் நகல் இத்துடன் உள்ளது. இக்கடனில் நான் தரவேண்டியது எதுவும் இல்லை. பாக்கி உண்டென்று கருதினால் அதன் கணக்கைத் தேதிவாரியாக எழுத்தில் அனுப்புங்கள். தங்கள் ஆட்கள் என் வீட்டிற்கு வருவதை நிறுத்துங்கள். கணக்கு முடிந்ததற்கான சான்றை அனுப்பிவையுங்கள்.'

இவ்வளவே போதும். குடும்பக் கஷ்டத்தை இதில் எழுதவேண்டாம். 'கருணை கூர்ந்து' என்று கெஞ்சவும் வேண்டாம். நம் பாட்டன்மார் காலத்து விண்ணப்பங்கள் 'மகாராஜராஜஸ்ரீ' என்று தொடங்கி 'தங்கள் அடிமை' என்று முடிந்தன. இந்தக் கடிதத்திற்கு ஓர் 'ஐயா' போதுமானது. கீழே நம் பெயர் போதுமானது. மூல ரசீதை ஒருபோதும் அனுப்பாதீர்கள். ஒப்புகை கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்பி, அஞ்சலகச் சீட்டைக் கடித நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். வங்கியோ நிதி நிறுவனமோ முப்பது நாளில் பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் சரியில்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி எழுதலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். கந்துவட்டிக்காரராயின் சமயநல்லூர்க் காவல் நிலையத்தில் எழுத்துப் புகாரைக் கொடுத்து, மனு ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள்.

பொது இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தி வசூலிக்கும் வழக்கம் சிலருக்கு உண்டு. அவ்வாறு நேர்ந்தால் அது கடன் விவகாரம் அன்று. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அது தனிக் குற்றம். கடன் பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது குற்றமே. சொன்ன சொல்லை அப்படியே, நாள், நேரம், அங்கு நின்றவர் பெயர் ஆகியவற்றோடு, அன்றைக்கே எழுதி வைக்கவேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது என்பீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பைச் சேர்ந்தவர் எவரும், பெண்கள் எவரும், வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் இலவச வழக்கறிஞரைப் பெறலாம். சாதிச் சான்றிதழ் உதவித்தொகைக்கும் வேலைக்கும் மட்டுமே பயன்படும் என்று எண்ணியிருக்கிறோம். மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணையத்தின் கதவையும் அது திறக்கும். 15100 என்பது அவர்களது தொலைபேசி எண்.

இறுதியாகச் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் இந்தக் கூடத்தில், ஞாயிறுதோறும் மாலையில், கல்லூரி மாணவர் இருவர் ஒரு மேசை போட்டு அமரட்டும். தாய்மார்கள் தம் கடன் அட்டை, புரோநோட்டு நகல், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டுவரட்டும். மாணவர்கள் அவற்றைப் படித்துச் சொல்லட்டும். எந்தத் தவணைக்குக் கையெழுத்து விட்டுப்போயிற்று, யாருக்குக் கடைசி ஒப்புகை வரவில்லை என்று ஒரு பேரேட்டில் குறித்து வைக்கட்டும். தேவையான கடிதங்களை அங்கேயே எழுதிக் கொடுக்கட்டும். வெள்ளைத்தாளும் அஞ்சல் செலவும் சங்கத்தின் கணக்கில் பெரிய சுமை ஆகா. முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நானும் வந்து அமர்கிறேன். வீட்டில் தேடினால் அகப்படாது என்று அஞ்சி வராமல் இருந்துவிடாதீர்கள். அரிசிப் பானைக்குள்ளோ சாமி படத்திற்குப் பின்னாலோ எங்கே வைத்திருந்தாலும், கிழிந்திருந்தாலும், நனைந்திருந்தாலும், அதை அப்படியே எடுத்து வாருங்கள்.